“யாரும் ஆஜராக மாட்டோம்” என்று தீர்மானம் போடும் முன்: வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட, வட்ட வழக்கறிஞர் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்தி. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குற்ற வழக்குகள் நடத்திவருகிறேன். சங்கங்களுக்கு அனுப்பும் படியில் என் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றன. இங்கே போடவில்லை. போட்டால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் வழக்கு தெரியும், வழக்கு தெரிந்தால் ஒரு தாயின் வீட்டு வாசல் தெரியும். அந்த வாசலில் ஏற்கெனவே போதுமான அளவு கல் விழுந்துவிட்டது.

ஒரு குழந்தை கொல்லப்பட்ட செய்தி வந்த மறுநாள் காலை நம் சங்கங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்தரை மணிக்குள் அவசரப் பொதுக்குழு. நீதிமன்றப் புறக்கணிப்பு. வாசலில் கோஷம். பிறகு ஒருமனதாக ஒரு தீர்மானம்: கைதானவருக்காக நம் உறுப்பினர் யாரும் வக்காலத்து போடக் கூடாது, அவருக்குத் தூக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டும். ஆண்டு முழுக்க “குற்றம்சாட்டப்பட்டவர்” என்று வாய் வலிக்கச் சொல்லும் நாம், அந்த ஒரு நாள் மட்டும் அந்தச் சொல்லை மறந்துவிட்டுக் “குற்றவாளி” என்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரிலும் அப்படியொரு தீர்மானம் போட்டோம். இறந்தவள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பெண். அவள் படத்தைப் பேனரில் பார்த்துவிட்டு அழுதவர்களில் நானும் ஒருத்தி. மினிட்ஸ் நோட்டில் என் கையெழுத்து பதினேழாவதாக இருக்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் குமாஸ்தா உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, “மேடம், அந்தப் பையனோட அம்மா வந்திருக்காங்க” என்றார். அந்த அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. எனக்கு முன்னால் எட்டு வக்கீல்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் ஓரத்தில், ஏதோ என் மேசை அழுக்காகிவிடும் என்பதுபோல், நுனியில் வைத்தார். எட்டாம் வகுப்போடு நின்றுபோன மாற்றுச் சான்றிதழ். மடிப்பில் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டுகள். ஒரு மாத்திரை அட்டை. ரப்பர் பேண்ட் போட்ட ரூபாய்க் கட்டு ஒன்று.

“சின்னப் பிள்ளையில மாடியிலேர்ந்து விழுந்துட்டான் வக்கீலம்மா. அதுலேர்ந்து வலிப்பு வரும். அவன் செஞ்சிருந்தா என்ன தண்டன வேணாலும் குடுங்க. செஞ்சானான்னு கேக்கறதுக்காவது ஒரு ஆளு வேணும்ல?”

“சங்கத்துல முடிவு எடுத்துட்டாங்கம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன்.

எல்லாவற்றையும் திரும்பப் பையில் அடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் வேறொரு வழக்குக் கட்டைப் பிரித்துப் படிப்பதுபோல் இருந்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவு செய்து இரண்டே வருடமான ஒரு தம்பியைச் சட்ட உதவியில் நியமித்தார்கள். அவரும் பயந்து பயந்துதான் செய்தார்; சங்கத்தின் கோபம் அவருக்கும் தெரியும். அரசுத் தரப்பின் முக்கியமான மூன்று சாட்சிகளுக்குக் குறுக்கு விசாரணையே இல்லை. தண்டனை பற்றிக் கேட்டபோது பதிவானது இரண்டு வரி: “வயதான தாய் இருக்கிறார். குறைந்த தண்டனை தர வேண்டும்.” தூக்கு விதிக்கப்பட்டது. ஓ.பி. சீட்டு எதுவும் நீதிமன்றத்தைப் பார்க்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் வேறொருவர் எடுத்து நடத்தி அது ஆயுளாகக் குறைந்தது. குறைந்ததற்கு நான் எந்த வகையிலும் காரணமில்லை.

நான் மரண தண்டனைக்கு எதிரானவள். ஆனால் இந்தக் கடிதம் உங்களை என் பக்கம் இழுக்க எழுதியதல்ல. தூக்குத் தண்டனை வேண்டும் என்று மனதார நம்பும் சகோதரர்களிடமும் சகோதரிகளிடமும்தான் பேசுகிறேன். ஒரு மனிதனின் கழுத்துக்குக் கயிறு கேட்கும் ஊரில், அவனுக்காகப் பேச ஒரு கறுப்புக் கோட்டும் வராது என்று நாமே பூட்டுப் போட்டால், அந்தத் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் அது நம் மண்ணில் பிறந்த தீர்ப்பு. கோவையில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் ஏற்பட்ட மோதலில், குற்றம்சாட்டப்பட்ட போலீசாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில், இப்படிப்பட்ட தீர்மானங்கள் அரசமைப்புக்கும் தொழில் அறத்துக்கும் விரோதமானவை, செல்லாதவை என்றது. நேர்மையான வழக்கறிஞர்கள் அவற்றைப் புறக்கணிக்க வேண்டும், மீற வேண்டும் என்றே எழுதியது. அரசமைப்பின் 22(1) பிரிவு கைதானவருக்குத் தன் விருப்பப்படி வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஊரில் உள்ள அத்தனை வழக்கறிஞரும் கதவடைத்த பிறகு விருப்பம் எங்கிருந்து வரும்? அந்தத் தீர்ப்பு வந்து எட்டே ஆண்டில், 2018 ஜூலையில், ஒரு சிறுமி வழக்கில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களைச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே நம் கோட்டுப் போட்டவர்கள் அடித்தார்கள். அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த மஞ்சள் பைதான் கண்ணில் வந்து நின்றது.

இனி நான் சொல்லவரும் விஷயத்துக்கு வருகிறேன். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம் நிற்கிறோம் என்று நினைத்துத்தான் இந்தத் தீர்மானங்களைப் போடுகிறோம். உண்மையில் அந்தக் குடும்பத்துக்கும் சேர்த்தே குழி தோண்டுகிறோம்.

சென்னை போரூர் அருகே 2017 பிப்ரவரியில் ஒரு சிறுமி காணாமல் போய்க் கொல்லப்பட்ட வழக்கை யாரும் மறந்திருக்க முடியாது. நாடே தூக்கு கேட்டது. 2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. பட்டாசு வெடித்தவர்களும் உண்டு. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கு விதிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. கடைசியாகச் சிறுமியோடு பார்த்ததாகச் சொன்ன சாட்சியம் நிற்கவில்லை. கேமராவில் பதிவானது என்று சொன்னார்களே தவிர, அந்தப் பதிவு நீதிமன்றத்துக்கு வரவில்லை. தடயவியல் சான்றுகள் கைமாறிய சங்கிலியும் அறுந்து கிடந்தது. இவற்றோடு இன்னொன்றையும் நீதிபதிகள் வேதனையோடு எழுதினார்கள். குற்றச்சாட்டு வனைந்த அன்று, அதாவது நீதிமன்றம் அதை முறையாகப் பதிவுசெய்த அன்று, அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் வந்தது அதற்குப் பிறகு, டிசம்பரில். வந்தவருக்கு ஆவணங்களைப் படிக்கச் சில நாட்களே கிடைத்தன. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன அதே நாளில் தூக்கும் விதிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு “சட்டத்தின் ஓட்டையில் தப்பித்துவிட்டான்” என்று பலர் எழுதினார்கள். நம் தொழிலில் இருப்பவர்களே எழுதினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கேமரா பதிவு எங்கே என்று 2017இலேயே ஒருவர் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு அனுபவமுள்ள ஒரு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால், விசாரணை அதிகாரி அப்போதே ஓடிப்போய் அதைக் கைப்பற்றியிருப்பார். இல்லையென்றால் இவர் ஆள் இல்லை என்று அன்றே தெரிந்து வேறு ஆளைத் தேடியிருப்பார். கேள்வியே இல்லாமல் ஓடிய வழக்கு எட்டு ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றத்தில் கேள்வியைச் சந்தித்தது. அப்போது எதையும் கைப்பற்ற முடியாது. அந்தப் பெற்றோர் கையில் இன்று என்ன இருக்கிறது? தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை, தங்கள் மகளைக் கொன்றது யார் என்று நீதிமன்றம் சொன்ன ஒரு பதிலும் இல்லை. நல்ல குறுக்கு விசாரணை அரசுத் தரப்பின் எதிரி என்று நினைக்கிறோம். தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்க வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய முட்டு வேறில்லை.

வேகமாக முடிப்பதையும் நீதி என்று எண்ணிக்கொள்கிறோம். மத்தியப் பிரதேசத்தில் 2013இல் ஒரு குழந்தை வழக்கு, குற்றச்சாட்டு வனைந்த இரண்டே வாரத்தில் தூக்கில் முடிந்தது. வழக்கறிஞரை நியமித்த அன்றே குற்றச்சாட்டும் வனையப்பட்டிருந்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விசாரணையை முதலிலிருந்து நடத்தச் சொன்னது. ஆயுளோ தூக்கோ வரக்கூடிய வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ளவரைத்தான் சட்ட உதவிக்கு நியமிக்க வேண்டும், தயாராவதற்குப் பொதுவாகக் குறைந்தது 7 நாளாவது தர வேண்டும் என்றது. இந்த 10 ஆண்டு அனுபவக்காரர்கள் யார்? நாம்தான். தீர்மானத்தைக் காட்டி ஒதுங்கிக்கொண்டு, இரண்டு வருடத் தம்பிகளைத் தள்ளிவிடுகிறவர்களும் நாம்தான்.

ஒரு வழக்கறிஞர் இருப்பதும் இல்லாததும் உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளியாக இருப்பதை ஹர்பன்ஸ் சிங் வழக்கைப்போல் வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தின் நான்கு பேரைக் கொன்றதாக ஜீத்தா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்ற மூவருக்கும் தூக்கு. மூவரின் பங்கும் ஒன்றுதான். ஜீத்தா சிங்கின் மனு 1976இல் தள்ளுபடியானது. கஷ்மீரா சிங்கின் மனு வேறொரு அமர்வின் முன் போய் 1977இல் ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு மீண்டும் தள்ளுபடி. இருவரையும் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிட நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் சார்பில் கடைசி நேரத்தில் ஒரு ரிட் மனு போனது, தடை கிடைத்தது, தண்டனை பிறகு குறைந்தது. ஜீத்தா சிங் சார்பில் எந்த மனுவும் போகவில்லை. குறித்த நாளில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நடந்ததை உச்ச நீதிமன்றமே வருத்தத்தோடு பதிவுசெய்தது. அந்த வருத்தம் ஜீத்தா சிங்குக்கு எதற்கு உதவும்? நாம் போடாத மனு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கழுத்தைத் தேடிப் போகிறது என்ற பயம் அந்த வழக்கைப் படித்த நாள்முதல் என்னை விட்டதில்லை.

நம் ஊர்க் கதைக்கே வருவோம். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியும் அவரோடு நின்ற போலீசாரும் தொண்டர்களும் சிதறிக் கிடந்த இரவு. அந்த வழக்கில் கைதானவர்களுக்கு வாதாடுவது அன்று எவ்வளவு பெரிய பழியைச் சம்பாதித்துத் தரும் என்று அந்தக் காலத்து சீனியர்களைக் கேளுங்கள். 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லியில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் 26 பேருக்கும் ஒரேயடியாகத் தூக்கு விதித்தது. பழ. நெடுமாறன் தலைமையில் ஒரு குழு அமைந்து மக்களிடம் நிதி திரட்டியது. மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் டெல்லிக்குப் போய் வாதாடினார். 1999 மே 11 தீர்ப்பில் 19 பேர் வெளியே வந்தார்கள், மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு. அந்த நால்வரில் நளினிக்கு 2000இல் குறைந்தது. மற்ற மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தபோது தமிழ்நாடே எழுந்தது. காஞ்சிபுரத்தில் செங்கொடி தன்னையே தீக்கு இரையாக்கினாள். நாமும் நீதிமன்றங்களைப் புறக்கணித்துவிட்டுத் தெருவில் நின்றோம், பெண் வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2014 பிப்ரவரி 18 அன்று மூவருக்கும் ஆயுளாகக் குறைந்தது. 2022இல் எஞ்சியிருந்த எல்லோரும் விடுதலையானார்கள். 26 பேருக்கு எழுதிய தூக்கில் ஒருவரும் தொங்கவில்லை. 1991இல் ஒரு சங்கத் தீர்மானத்தைக் காட்டி எல்லோரும் ஒதுங்கியிருந்தால் அந்த 19 பேரும் என்ன ஆகியிருப்பார்கள்?

மூவர் உயிருக்காகத் தெருவில் இறங்கிய அதே நாம், பெயர் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் மகன் கூண்டில் நிற்கும்போது கதவைச் சாத்துகிறோம். இதை எழுதும்போது என் கையே கூசுகிறது.

நம் தொழிலின் பழைய மரபு இதுவல்ல. 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டபோது, வெள்ளை அரசின் சினத்துக்கு நடுவிலும், கூண்டில் நின்ற 14 பேருக்காக வாதாடச் சென்னையில் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாபுக்கே, ஆரம்பத்தில் எத்தனையோ மறுப்புகளுக்குப் பிறகு, விசாரணை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வந்தார். உச்ச நீதிமன்றத்தில் ராஜு ராமச்சந்திரன் அவருக்காக வாதாடினார். அதனால்தான் அந்தத் தீர்ப்பை நோக்கி இன்றுவரை உலகில் யாரும் விரல் நீட்ட முடியவில்லை.

என் தடுமாற்றத்தையும் மறைக்கவில்லை. உடுமலையில் சாதி மறுப்புத் திருமணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்ற வழக்கில் 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது, மரண தண்டனை கூடாது என்று மேடைகளில் பேசிய நான் அன்று ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. சாதி வெறிக்கு இப்போதாவது உறைக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் முதலாவதாகக் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்து, ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. சங்கரின் மனைவி கௌசல்யாவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்னமும் மனம் ஆறவில்லை. கயிற்றைப் பெரிதாகக் காட்டிவிட்டு ஆதாரத்தை மெலிதாக விட்டால், ஏமாறுவது அவரைப் போன்றவர்கள்தான்.

1980இல் பச்சன் சிங் வழக்கு “அரிதினும் அரிதான” வழக்குக்கு மட்டுமே தூக்கு என்றது. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, செய்தவரையும் பார்க்க வேண்டும் என்றது. அப்போதிருந்து நாற்பது ஆண்டுக்கும் மேலாக “செய்தவரைப் பார்ப்பது” என்பது கீழமை நீதிமன்றங்களில் அந்த இரண்டு வரிக்கு மேல் வளரவில்லை. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு வரியை உடைத்தது. குடும்பச் சூழல், படிப்பு, சிறுவயதில் பட்ட அடி, நோய், மனநிலை, வறுமை, சிறையில் நடத்தை எல்லாவற்றையும் விசாரணை நிலையிலேயே திரட்டிவைக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பைச் சேம்பரில் இரவு படித்துக்கொண்டிருந்தேன். பட்டியலை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அந்த அம்மா என் மேசை ஓரத்தில் எடுத்துவைத்ததெல்லாம் அதே வரிசையில் வந்தது. மாற்றுச் சான்றிதழ். ஓ.பி. சீட்டு. மாத்திரை அட்டை. உச்ச நீதிமன்றம் தேடச் சொன்னதை ஒரு படிக்காத பெண் மஞ்சள் பையில் கொண்டுவந்து எனக்குக் காட்டியிருந்தார். நான் வேறு கட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சங்கங்களிடம் நான் கேட்பது மிகக் கொஞ்சம். பழைய தீர்மானங்களைப் பொதுக்குழுவில் வைத்து ரத்து செய்யுங்கள். 2010க்குப் பிறகு அவற்றுக்கு மதிப்பில்லை என்றாலும் மினிட்ஸ் நோட்டில் அவை இருக்கும்வரை இளையவர்கள் பயப்படுவார்கள். தூக்கு வரக்கூடிய வழக்கு பதிவாகும் அன்றே, ரிமாண்டிலேயே, முன்வந்து நிற்க ஒவ்வொரு ஊரிலும் பத்தாண்டு கடந்த ஐந்தாறு பேரின் பட்டியல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இருக்கட்டும். அவர்களை யாராவது மிரட்டினால் சங்கம் அவர்கள் பக்கம் நிற்கட்டும்.

கோபத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கோபம்தான். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சார்பில் அரசு வழக்கறிஞருக்கு உதவ ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. எத்தனை சங்கங்கள் இதுவரை அப்படி ஒருவரை இலவசமாக அனுப்பியிருக்கின்றன? வாசலில் கோஷம் போட்ட நூறு பேரில் இரண்டு பேர் அந்தக் குடும்பத்தோடு வாய்தா வாய்தாவாக வந்து, பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் கையெழுத்து இருக்கிறதா, கேமரா பதிவு வந்ததா, சாட்சி பயப்படுகிறாரா, இழப்பீட்டு மனு போட்டாயிற்றா என்று பார்த்தால், அந்தத் தீர்ப்பு உச்ச நீதிமன்றம்வரை நின்றிருக்கும். புறக்கணிப்பு ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அந்தத் தகப்பன் அதற்கு அப்புறம் பல வருடம் நீதிமன்ற மரத்தடியில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எந்த வழக்காக இருந்தாலும், பேப்பரில் என்ன எழுதியிருந்தாலும். மாலை ஆறரைக்கு மேல் சேம்பரில் இருப்பேன். யாருடைய அம்மா வந்தாலும் முதலில் உட்காரவைக்கச் சொல்லி குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சக உறுப்பினர்,
மினிட்ஸ் நோட்டில் பதினேழாவது கையெழுத்து